“இதை யார் வாங்குவார்கள்?” – பாம்பனிலிருந்து ஒரு தந்தையின் கேள்வி

பாம்பன் அண்ணனுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம் தெரிகிறது. பிளஸ் டூ படிக்கும் மகள் நர்சிங் வேண்டாம், பி.காம் வேண்டாம், ஓவியக் கல்லூரிக்குத்தான் போவேன் என்கிறாள். படகையும் பாலத்தையும் வரைந்தாலாவது ராமேஸ்வரத்துக்கு வரும் யாத்ரீகர்களிடம் விற்கலாம். இவளோ உருவமே இல்லாமல் நிறத்தை மட்டும் பூசி வைத்திருக்கிறாள், இதை யார் வாங்குவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் பத்து வருடத்துக்கு அநேகமாக யாரும் வாங்க மாட்டார்கள். ஒன்றிரண்டு விற்றாலும் அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. இதைச் சொல்லிவிட்டால் நீங்கள் நர்சிங் விண்ணப்பத்தை எடுத்துவிடுவீர்கள் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள். அரூப ஓவியர்கள், அதாவது உங்கள் மகளைப்போல உருவமில்லாமல் வரைகிறவர்கள், பலரும் படம் விற்ற காசில் வாழ்ந்தவர்கள் அல்லர். அரூப ஓவியத்தில் தமிழ்நாட்டின் பெரிய பெயர்களில் ஒருவரான ஆதிமூலம், நெசவாளர் சேவை மையத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். அச்சுதன் கூடல்லூர் சிவில் இன்ஜினியர். சென்னையில் வேலையில் இருந்துகொண்டே மெட்ராஸ் ஆர்ட் கிளப்பில் சேர்ந்து வரையக் கற்றார். 1988ல் லலித் கலா அகாடமியின் தேசிய விருது பெற்றார். 1966ல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமத்திலும், ஓவியர்கள் பாத்திக் துணியும் (மெழுகு பூசிச் சாயமேற்றுவது) கைவினைப் பொருளும் செய்து விற்றுத்தான் தங்கள் ஓவியத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

ஆகவே படம் விற்குமா என்று கேட்பதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வையுங்கள். உங்கள் மகள் யாரும் சொல்லாமல் தினமும் வேலை செய்கிறாளா, எந்தத் துணைத்தொழில் அவளைத் தாங்கும் என்ற இரண்டையும் பாருங்கள். துணைத்தொழில் என்று நான் சொல்வது ஓவியம் கற்றுத்தருவதை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வலை போட்டு வைத்திருக்கும் தகரக் கொட்டகையை அவள் ஓவியக்கூடமாகக் கேட்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். கொடுத்துவிடுங்கள். ஆறு மாதம் அவள் அங்கே என்ன செய்கிறாள் என்பதே, எந்த மதிப்பெண் பட்டியலையும்விட உங்களுக்கு அதிகம் சொல்லும். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதி எழுதச் சொல்லுங்கள். முடிந்த படத்தைவிட முடியாத படத்தைக் கவனியுங்கள்: பிடிக்காமல் போனதன் மேல் மறுபடி வேலை செய்கிறாளா, மூலையில் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறாளா? அரூப ஓவியத்தில் பாதி வேலை, பூசியதை உட்கார்ந்து பார்ப்பதும் சுரண்டி எடுப்பதும்தான். அவள் சும்மா உட்கார்ந்திருப்பதாக வீட்டில் யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்.

கொட்டகை பற்றி இரண்டு வார்த்தை. ஓவியக்கூடத்துக்கு வடக்குப் பார்த்த ஜன்னல் வேண்டும் என்று வெளிநாட்டுப் புத்தகங்கள் எழுதும். அங்கே வடக்கு ஜன்னலில் நேர்வெயில் அநேகமாக விழாது. நாம் இருப்பது ஒன்பது பாகை அட்சத்தில். சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி வரை நண்பகல் சூரியனே நம் தலைக்கு வடக்கே நகர்ந்துவிடுகிறது. அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் வெயில் விழும். ஜன்னலுக்கு வெளியே ஒரு கீற்றுத் தாழ்வாரம் இறக்கிவிட்டால் போதும். தகரத்துக்கு அடியில் அக்ரிலிக் வண்ணம் தூரிகையிலேயே காய்ந்துவிடும், எனவே விடியற்காலை நேரம்தான் அவளுக்கு. ஆடிக் காற்றில் எண்ணெய் வண்ணத்தைத் தொடவே வேண்டாம். நாள்கணக்கில் காயாத பரப்பில் மணல் வந்து ஒட்டிக்கொள்ளும். கேன்வாஸைச் சட்டத்தில் அடிக்கத் துருப்பிடிக்காத ஆணி வாங்குங்கள். உப்புக்காற்றில் சாதா ஆணி துருவேறி, கறை துணிக்குள் இறங்கிவிடும். வண்ணம் கரைக்கக் குடிதண்ணீர்தான். உவர்நீரில் கரைத்தால் காய்ந்த பிறகு வெள்ளையாக உப்புப் பூக்கும். இதையெல்லாம் தானே கண்டுபிடித்து உங்களிடம் சொல்கிறாள் என்றால் எனக்கு அவள்மேல் நம்பிக்கை வந்துவிடும்.

படிப்பு விஷயம் அவ்வளவு சிக்கல் இல்லை. சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி 1850ல் தொடங்கியது. கும்பகோணத்திலும் ஓர் அரசு கவின் கலைக் கல்லூரி உண்டு. அங்கே தரும் கவின் கலை இளநிலைப் பட்டமான பி.எஃப்.ஏ. நான்கு வருடம். பிளஸ் டூவுக்குப் பிறகு சேரலாம், செயல்முறைத் தேர்வு நடத்தித்தான் எடுப்பார்கள். இங்கேதான் அரூபப் பிரியர்கள் கோட்டை விடுகிறார்கள். தேர்வில் எதிரே வைத்த பொருளைப் பார்த்து வரையத் தெரிந்திருக்க வேண்டும். குடம், செருப்பு, மடித்துப் போட்ட துணி, உட்கார்ந்திருக்கும் பாட்டி என்று பென்சிலில் தினமும் ஒன்று வரையட்டும். எனக்கு உருவம் வேண்டாம் என்று அடம்பிடித்தால், உருவத்தை விடுவதற்கு முன் அது கையில் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். ஆதிமூலமும் காந்தியைக் கோட்டோவியமாக வரைந்து வரைந்துதான் வண்ண அரூபத்துக்குப் போனார். வண்ணக்கலையோடு (பெயின்டிங்), காட்சிவழித் தகவல் வடிவமைப்புக்கும் (விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன்) விருப்பம் தெரிவித்து வைப்பது நல்லது. அதில் சேர்ந்தவர்களும் ஓவியர்களாக இருக்கிறார்கள், வேலைவாய்ப்பு கூடுதல்.

அதற்குள் ஒரு நாள் ராமநாதபுரம் அரண்மனைக்கு, ராமலிங்க விலாசத்துக்கு, அவளை அழைத்துப்போங்கள். சேதுபதி மன்னர்கள் காலத்துச் சுவரோவியங்கள் அங்கே சுவர் முழுக்க இருக்கின்றன. கதையைப் பார்க்க வேண்டாம், எந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் எந்தப் பச்சை என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஓவிய ஆசிரியர் வேலை கிடைத்துவிடாதா என்று கடைசி வரியில் ஓர் ஆசையை வைத்திருக்கிறீர்கள். ஓவியத்துக்கான லோயர், ஹையர் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளை எழுதி வைக்கட்டும், நஷ்டமில்லை. ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 2012ல் அரசுப் பள்ளிகளுக்குப் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோது மாதத்துக்கு 5,000 ரூபாய் கொடுத்தார்கள். பிறகு சம்பளம் கூடினாலும், பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது.

நான் சொல்லும் துணைத்தொழில் வேறு. பெரியவர்களுக்கு ஒருநாள், இரண்டுநாள் ஓவியப் பயிலரங்கு நடத்துவது. ராமேஸ்வரத்துக்கு வருபவர்கள் எல்லோரும் தீர்த்தமாடிவிட்டுத் திரும்புகிறவர்கள் அல்லர். மண்டபம், பிரப்பன்வலசைப் பக்கம் நீர்விளையாட்டுக்கென்றே வெளியூர்க்காரர்கள் வந்து தங்குகிறார்கள். உள்ளூரிலும் ஆள் உண்டு: ஆசிரியைகள், வங்கி ஊழியர்கள், பிள்ளைகள் வளர்ந்துவிட்ட தாய்மார்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் உருவப்படம் மாட்டாத வீடுகள் இருக்கின்றன. நிறமும் வடிவும் மட்டுமான படத்துக்கு அங்கே தடையில்லை. உங்கள் மகளின் ‘விற்காத’ பாணிக்கு இது ஒரு வாசல் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் கற்றுத்தருவது தனி வித்தை. கடலுக்குப் போகத் தெரிந்த எல்லோரும் புது ஆளைப் பழக்கிவிட முடியாது என்பது உங்களுக்குத் தெரியாததா! வெறும் வெள்ளைக் கேன்வாஸைக் கண்டாலே முதிர்ந்தவர்களுக்கும் கை நடுங்கும். அவர்கள் வருமுன்பே ஏதாவதொரு மங்கல் நிறத்தைப் பூசி வைத்துவிட்டால் பாதி பயம் போய்விடும். மூன்று நிறமும் வெள்ளையும் மட்டும் கொடுத்து, முதல் ஒரு மணி நேரம் கலக்க மட்டுமே விட வேண்டும். பன்னிரண்டு நிறம் கொடுத்தால் எல்லாம் சேறாகிவிடும். இரண்டு விரல் அகலத் தூரிகை கொடுத்தால் நுணுக்கமாகக் கண், மூக்கு வரையப் பார்ப்பவர்களும் வேறு வழியின்றிப் பரப்பைப் பற்றி யோசிப்பார்கள். மாணவர் படத்தில் ஆசிரியர் கை வைக்கவே கூடாது; ஓர் இழுப்பு திருத்திக் கொடுத்தாலும் அந்தப் படம் மாணவருடையதாக இராது. எல்லாவற்றையும்விடக் கடினம், எங்கே நிறுத்துவது என்று சொல்லித்தருவது. இதை அவள் இப்போதே பழகலாம். கோடை விடுமுறையில் தெருப் பிள்ளைகள் ஐந்தாறு பேரைக் கொட்டகையில் உட்கார வைக்கட்டும். மாவட்டங்களில் இயங்கும் ஜவகர் சிறுவர் மன்றங்களில் ஆசிரியர்கள் வகுப்பை எப்படி நடத்துகிறார்கள் என்று போய்ப் பார்க்கட்டும்.

பணக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். பன்னிரண்டு பேர், தலைக்கு 1,200 ரூபாய் கட்டணம் என்று வைத்துக்கொண்டால் 14,400. வண்ணம், கேன்வாஸ் அட்டை, தூரிகை தலைக்கு 400 வீதம் 4,800 போகும். சாப்பாடு, தேநீர் தலைக்கு 150 வீதம் 1,800. இட வாடகை 2,000. மிஞ்சுவது 5,800. இது ஒரு நாள் சம்பளம் இல்லை. ஆள் சேர்ப்பதும் பொருள் வாங்குவதும் இன்னும் இரண்டு மூன்று நாளை எடுத்துக்கொள்ளும். மாதம் இரண்டு நடத்தினால் பெட்டிக்கடை வருமானம்தான், ஆனால் மீதி நாள்கள் ஓவியக்கூடத்துக்குக் கிடைக்கும். நான்கு நடத்த ஆரம்பித்தால் அவள் ஓவியராக இருப்பது குறைந்துவிடும். அந்த எல்லையை அவளே வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

உதவித்தொகைகளை விட்டுவிடாதீர்கள். அவள் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். மீனவர் நல வாரியத்தில் நீங்கள் உறுப்பினர் என்றால் அங்கும் கல்வி உதவி கேளுங்கள். கல்லூரிக்குப் பிறகு, 18 முதல் 25 வயது வரையிலான இளம் கலைஞர்களுக்கு மத்திய கலாசார அமைச்சகம் மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு வருடம் தரும் உதவித்தொகை இருக்கிறது, ஓவியத்துக்கும் உண்டு. தேர்வுக் குழு முன்னால் படங்களை வைத்துப் பேச வேண்டும். தேதி போட்டு வைக்கச் சொன்ன படங்கள் அன்றைக்கு உதவும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பிளஸ் டூ முடிவும் அதையொட்டிய கல்லூரி விண்ணப்பங்களும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் வரும். நீங்கள் கரையில் இருக்கும் அந்த நாள்களில் அவளோடு எழும்பூருக்கு ரயில் ஏறுங்கள். கல்லூரி வளாகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மூன்றாம் வருட மாணவிகள் இரண்டு பேரிடம் விடுதி எப்படி, மாதம் வண்ணத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று நீங்களே கேளுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் கிளம்புவதற்கு முன்பே எடுத்து வைத்துவிடுங்கள்.