பேமெண்ட் கேட்வே பணத்தை நிறுத்தி வைத்தால் வழக்குத் தொடுக்கலாமா?

கேள்வி: முன்பதிவு பெற்று மேசை, அலமாரி போன்றவற்றைச் செய்து கொடுக்கும் சிறு தொழில் நடத்துகிறேன். விற்பனை முழுவதும் என் இணையதளத்தில்தான்; பணமும் ஒரே பேமெண்ட் கேட்வே நிறுவனத்தின் வழியாகத்தான் வருகிறது. ஐந்து ஆண்டுகளாக ஒரு புகாரும் இல்லாத என் கணக்கைத் திடீரென முடக்கி, இருப்பிலுள்ள பணத்தை 180 நாட்களுக்குத் தர முடியாது என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டார்கள். காரணம் கேட்டால் ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். பேச ஒரு மனிதர் கிடைப்பதில்லை. என் மைத்துனர் தொடங்கிய தொழிலுக்கு இன்னும் கணக்குக் கிடைக்காததால், கடந்த மூன்று மாதங்களாக அவருடைய விற்பனைப் பணமும் என் கணக்கில்தான் வந்தது; அதற்கெல்லாம் முறையாகக் கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். மோசடி வழக்குத் தொடுக்கவும், அதுவரை என் மனைவி பெயரில் வேறொரு நிறுவனத்தில் கணக்குத் தொடங்கவும், காத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு வங்கி வழியாக நேரடியாகப் பணத்தைத் திருப்பித் தரவும் எண்ணியுள்ளேன். இது சரியா?

பதில்: ஐந்து ஆண்டு உறவு, திடீர் முடக்கம், பேச ஆளில்லாத உதவி மையம் ஆகிய எல்லாம் நீங்கள் சொல்கிறபடியே இருக்கட்டும்; அவற்றால் வழக்கு ஓர் அங்குலமும் நகராது. சட்டத்தின் பார்வையில் உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரே ஒரு வரி. மைத்துனரின் விற்பனைப் பணமும் உங்கள் கணக்கில் வந்தது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

விசா, மாஸ்டர்கார்டு போன்ற அட்டை நிறுவனங்களின் விதிப்படி, ஒரு கணக்கில் வரும் பணம் அந்தக் கணக்கின் வணிகராகப் பதிவு பெற்றவர் விற்ற பொருளுக்கானதாகத்தான் இருக்க வேண்டும். வேறொருவரின் விற்பனையை உள்ளே விடுவதற்கு அத்துறையில் டிரான்சாக்ஷன் லாண்டரிங் என்று பெயர். பெயரைக் கேட்டுப் பதற வேண்டாம். அது அட்டை விதிகளின்படி ஒரு மீறல்தான்; கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கும் குற்றம் என்று பொருளன்று. ஆனால் உதவும் எண்ணத்தில்தான் செய்தீர்கள் என்பதும், கணக்கு ஒழுங்காக இருக்கிறது என்பதும் அதற்கு விடையாக மாட்டா. கணக்கைப் பிறர் பயன்படுத்தத் தரக்கூடாது என்ற ஷரத்து, நீங்கள் படிக்காமல் ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்திலும் ஏறக்குறைய உறுதியாக இருக்கும். ஒப்பந்தத்தை முதலில் மீறியவர் நீங்கள் என்று ஆகிவிட்டால் மோசடிப் புகார் நிற்காது. பணத்தை விடுவிக்கக் கோரும் இடைக்கால மனுவிலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து முதலில் சொல்லப்போவது இதைத்தான்.

180 நாட்கள் என்பது உங்களை வதைப்பதற்காகக் குறித்த காலமும் அன்று. அட்டையில் பணம் செலுத்தியவர் தம் வங்கியிடம் முறையிட்டு அதைத் திரும்பப் பெறுவதற்கு, அதாவது சார்ஜ்பேக் கோருவதற்கு, விசா விதிகளில் பெரும்பாலும் 120 நாட்கள் உண்டு. பொருள் வந்து சேரவில்லை என்பது முறையீடானால், பொருள் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து அந்த 120 நாட்கள் எண்ணப்படலாம். அதற்கு உச்ச வரம்பு, பணப் பரிமாற்றம் நடந்ததிலிருந்து 540 நாட்கள். முன்பணம் வாங்கி, வாரங்கள் கழித்துப் பொருள் தருகிற தொழில் இவர்களுக்கு அச்சம் தருவது இதனால்தான். நீங்கள் கொடுக்க முடியாத சார்ஜ்பேக் தொகையைக் கேட்வே நிறுவனமோ, அதன் பின்னால் நின்று அட்டைப் பணத்தை வணிகருக்காக வாங்கித் தரும் வங்கியோ கட்ட வேண்டும் என்பதால், நிறுத்தி வைக்கும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்கிறார்கள். அந்த ஷரத்து நியாயமற்றது என்று வாதிடலாம். வாதம் முடிவதற்குள் அந்த 180 நாட்களும் முடிந்துவிடும். தகராறு நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவர் (ஆர்பிட்ரேட்டர்) முன்புதான் போக வேண்டும் என்றும், அதுவும் அவர்கள் குறித்த ஊரில்தான் என்றும் ஷரத்து இருந்தால், வாதம் தொடங்கும் முன்பே அந்த நாட்கள் முடிந்துவிடும்.

இனி, உங்களை உண்மையாகவே அச்சுறுத்த வேண்டிய செய்திக்கு வருகிறேன். மனைவி பெயரில் கணக்குத் தொடங்கும் எண்ணத்தை இன்றே கைவிடுங்கள். என்னிடம் வரும் கட்சிக்காரர்களில் கையிருப்பை இழந்து வருகிறவர்களைவிட, இந்த ஒரு காரியத்தைச் செய்து தொழிலையே இழந்து வருகிறவர்கள்தாம் அதிகம். புதிய நிறுவனத்தின் விண்ணப்பத்தில், தொழிலின் உண்மையான உரிமையாளர் யார், இதற்குமுன் எந்தக் கணக்காவது முடக்கப்பட்டதா என்ற கேள்விகள் பெரும்பாலும் இருக்கும். அவற்றுக்கு உங்கள் மனைவி எழுதப்போகும் பதில் பொய்யாக இருக்கும். ஒப்பந்த மீறல் என்ற அளவில் நிற்கும் இந்த விவகாரத்தில், குற்றம் என்று சொல்லத்தக்க முதல் காரியத்தை, எதிலும் சம்பந்தமில்லாத அவர் கையெழுத்திட்டுச் செய்தவராகிவிடுவார். கண்டுபிடிக்க மாட்டார்கள் என்ற எண்ணமும் வீண். அதே இணையதளம், அதே முகவரி, அதே தொலைபேசி எண், பணம் போய்ச் சேரும் அதே வங்கிக் கணக்கு, அதே கணினி ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு மனிதர் தேவையில்லை.

அதன்பின் நடப்பதுதான் கொடுமை. மாஸ்டர்கார்டு பராமரிக்கும் மேட்ச் என்ற பட்டியல் ஒன்று இருக்கிறது. சில குறிப்பிட்ட காரணங்களுக்காக ஒரு வணிகருடன் உறவை முறித்துக்கொள்ளும் வங்கி, அவரை அதில் சேர்க்க வேண்டும். டிரான்சாக்ஷன் லாண்டரிங்கும் அளவுக்கு மீறிய சார்ஜ்பேக்கும் அக்காரணங்களில் அடங்கும். புதிய வணிகரை ஏற்கும் முன் வங்கிகள் அதைத்தான் திறந்து பார்க்கின்றன. தொழிலின் பெயர் மட்டுமல்ல, உரிமையாளரின் பெயரும் அதில் ஏறும் என்பதால், பலகையை மாற்றி வேறு தொழில் தொடங்குவதிலும் பயனில்லை. பதிவு ஐந்து ஆண்டுகள் நிற்கும். அதை நீக்கும்படி கேட்கக்கூடியது சேர்த்த வங்கி மட்டுமே. அந்த வங்கிக்கும் உங்களுக்கும் நேரடியாகப் பேச்சுவார்த்தைகூட இருந்திராது. நிறுத்தி வைத்த பணம் என்றாவது ஒரு நாள் வந்துவிடும். அட்டையில் பணம் வாங்கும் தகுதி போனால், முழுக்க இணையத்தில் விற்கிற உங்களுக்கு விற்பனையே இல்லை. நீங்கள் காப்பாற்ற வேண்டியது உங்கள் பெயரை.

வாடிக்கையாளருக்கு வங்கி வழியாக நேரடியாகத் திருப்பித் தருவது நல்ல மனத்தோடு செய்யும் தவறு. அந்தப் பணம் அட்டைக் கணக்கில் வரவாகத் தெரியாது. இரண்டு மாதம் கழித்து, கணவர் பணம் பெற்றுக்கொண்டது தெரியாமல் மனைவி அதே அட்டையின் பட்டியலைப் பார்த்து சார்ஜ்பேக் கேட்டார் என்று வையுங்கள். அதை மறுக்கும் ஆவணத்தை நீங்கள் பதிவேற்ற வேண்டிய பக்கம் முடக்கப்பட்டிருக்கும், கெடுவோ சில நாட்கள்தான். ஒரே மேசைக்கு இருமுறை பணம் கொடுத்து, சார்ஜ்பேக் எண்ணிக்கையும் ஒன்று கூடும். இதைவிட மோசமானது, நிறுவனத்துக்கு நெருக்கடி கொடுப்பதாக எண்ணி, வங்கியில் முறையிடும்படி வாடிக்கையாளர்களையே தூண்டிவிடுவது. அப்படிச் செய்தவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்களுக்காகச் செய்ய அதிகம் எதுவும் மீதமிருக்கவில்லை.

ஆகவே என் ஆலோசனை சமரசம். காரசாரமான வக்கீல் நோட்டீஸ் வேண்டாம். கணக்கின் உள்ளே இன்னும் நுழைய முடிகிறதென்றால், பரிவர்த்தனைப் பட்டியல் முழுவதையும் இன்றே இறக்கி வையுங்கள். பிறகு எழுத்துமூலம், அளவோடு, நடந்ததைச் சொல்லுங்கள்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை எந்தெந்த வரவு மைத்துனருடையது, அது நிறுத்தப்பட்டுவிட்டது, உங்கள் சொந்த விற்பனையில் பொருள் சேர்ந்தவை இவை, சேராதவை இவை, சேர்ந்தவற்றுக்கு வாடிக்கையாளர் கையெழுத்திட்ட ரசீதுகள் இவை. மைத்துனர் விஷயத்தை மறைத்து எழுதாதீர்கள். அது அவர்களுக்குத் தெரிந்ததனால்தான் கணக்கே முடங்கியிருக்கக்கூடும். 'மோசடி', 'குற்றம்' போன்ற சொற்களை உங்கள்மேலும் ஏற்றிக்கொள்ளாதீர்கள், அவர்கள்மேலும் எறியாதீர்கள். உணர்ச்சிக்கு அதில் ஒரு வரியும் வேண்டாம்.

கேட்கும்போது வரிசை முக்கியம். முதலில், உங்கள் பெயர் மேட்ச் பட்டியலில் சேர்க்கப்பட்டதா என்ற கேள்வியும், சேர்க்கப்படவில்லையென்றால் அதைச் செய்யாமல் விருப்பத்தின்பேரில் கணக்கை முடித்துக்கொள்ளும் ஏற்பாடும். அடுத்து, பொருள் சேராத எல்லா வாடிக்கையாளருக்கும் நிறுத்தி வைத்த பணத்திலிருந்தே அட்டை வழியாக ரீஃபண்ட் செய்யும்படி கேளுங்கள். அது அவர்களுடைய ஆபத்தையும் குறைப்பதால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மூன்றாவதாக, மீதித் தொகைக்குக் கணக்கறிக்கையும் விடுவிக்கும் தேதியும். பதிலுக்கு நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியது இழப்பீட்டுக் கோரிக்கையை. அது எப்படியும் தேறாதது என்பதால் நட்டமில்லை.

மைத்துனரிடம், தம் வாடிக்கையாளர்கள் கேட்கும் சார்ஜ்பேக் தொகை முழுவதையும் தாமே தருவதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குடும்பத்துக்குள் எப்படிக் கேட்பது என்று தயங்குவீர்கள்; அவருடைய வாடிக்கையாளருக்குப் போகும் ஒவ்வொரு தொகையும் உங்கள் இருப்பிலிருந்துதான் கழியும் என்பதால் கேட்டே ஆக வேண்டும்.

180 நாட்கள் கடந்தும் பணமோ, ஒவ்வொரு கழிவுக்கும் விளக்கமோ வராவிட்டால் நிலைமை மாறும். அப்போது ஷரத்தின் காலம் தீர்ந்துவிட்டதால், கணக்குக் காட்டக் கோரும் கோரிக்கை வலுவானதாகிவிடும். நடுவர் முன்போ நீதிமன்றத்திலோ அதைக் கொண்டுபோகலாம். அந்த நாள் வரும்போது கோப்பில் இருக்க வேண்டியவை இறக்கி வைத்த பட்டியலும், மேலே சொன்ன கடிதமும், அதற்கு அவர்கள் எழுதிய பதில்களும்.