அனுப்பலாமா, வேண்டாமா? – திரைப்பட விழா கேள்வி-பதில்

படத்தில் பாட்டு கிடையாது, சண்டை கிடையாது, மெதுவாகத்தான் போகும். கலைப்பட விழாவுக்கு அனுப்பலாமா? – தக்கலை வாசகர்

மெதுவாகப் போவது மட்டுமே தகுதி ஆகிவிடாது. அந்த விழா கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் எடுத்த படங்களில் ஐந்தையாவது பாருங்கள். அவற்றின் பக்கத்தில் உங்கள் படம் நிற்கும் என்று தோன்றினால் அனுப்புங்கள். டிசம்பரில் திருவனந்தபுரத்தில் கேரள விழா. நாகர்கோவிலில் ரயில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரம். முதலில் அங்கே போய் நாலு நாள் படம் பாருங்கள்.

குறும்படத்தை யூடியூபில் போட்டுவிட்டேன். இனி கான் விழாவுக்கு அனுப்பலாமா? – மார்த்தாண்டம் வாசகர்

முடியாது. கான் குறும்படப் போட்டிக்கு 15 நிமிடத்தைத் தாண்டக்கூடாது, இணையத்திலும் வந்திருக்கக்கூடாது. இப்போது அழித்தாலும் வந்தது வந்ததுதான். யூடியூபில் வந்த படத்தை ஏற்கும் விழாக்களும் உண்டு. விதிமுறையைப் படியுங்கள். எத்தனை தடவைதான் சொல்வது?

மீனவர் வாழ்க்கை பற்றிய படம், 52 நிமிடம். எந்தப் பிரிவு? – குளச்சல் வாசகர்

சிக்கலான நீளம். குறும்படம் என்றால் பெரும்பாலும் 30, 40 நிமிடத்துக்குள் கேட்பார்கள். முழுநீளம் என்றால் 60, 70க்கு மேல். ஆவணப்படம் என்றால் 52 ஓடும். கதைப்படம் என்றால் 28க்குக் குறைக்க முடியுமா என்று பாருங்கள்.

என் படம் பன்னிரண்டு சர்வதேச விருது வாங்கியிருக்கிறது. ஆனாலும் பெரிய விழாக்கள் எடுக்கவில்லை, ஏன்? – அருமனை வாசகர்

நீங்கள் அனுப்பிய போஸ்டரைப் பார்த்தேன். விருதுக்கு ஒன்றாக ஒட்டிய இலை வளையங்களுக்குப் பின்னால் பாட்டியின் முகமே மறைந்துவிட்டது. ரப்பர் பால்வெட்டில் சேர்த்த காசு என்று எழுதியிருக்கிறீர்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை. இந்தப் பன்னிரண்டில் எது எந்தத் தியேட்டரில் திரையிட்டது? நடுவர் யார்? மாதாமாதம் விருது, அறுபது எழுபது பிரிவு, விண்ணப்பத்துக்கு 2,000, 3,000 ரூபாய், கோப்பை வேண்டுமென்றால் அதற்குத் தனிப் பணம். திரையே இல்லாத இடத்தை விழா என்று எப்படிச் சொல்வது? நானும் முதல் படத்துக்கு இப்படி மூன்று இடத்தில் கட்டினேன். ஒரு மனிதர்கூட படத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. பெரிய விழாவின் தேர்வாளர்களுக்கு இந்தப் பெயர்கள் அத்துப்படி. பி.எஸ்.வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் விழாவில் முதல் பரிசான டைகர் விருது வாங்கியது. அந்த ஒன்றே உலகம் முழுக்கப் பேசவைத்தது. பணம் கட்டுவதற்கு முன் போன வருட நிகழ்ச்சி நிரலைக் கேளுங்கள், அங்கே படம் காட்டிய யாரிடமாவது பேசுங்கள். போஸ்டரிலிருந்து அத்தனை வளையத்தையும் எடுத்துவிடுங்கள். பாட்டி தெரியட்டும்.

எங்கள் ஊர்ப் பேச்சுக்கு ஆங்கில சப்டைட்டில் கட்டாயமா? – முட்டம் வாசகர்

கட்டாயம். சென்னைக்காரருக்கே நம் பேச்சு பாதிதான் புரியும். மென்பொருளை நம்பாதீர்கள், கரமடி வலை இழுக்கிற காட்சியில் வெறும் ‘வலை’ என்று போட்டுவிடும், கரையில் நின்று இழுக்கிற ஐம்பது பேரும் அந்தச் சொல்லில் காணாமல் போவார்கள். ஊர்ப் பேச்சும் ஆங்கிலமும் தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள். வரிக்கு 40 எழுத்து, இரண்டு வரி, அதற்கு மேல் வேண்டாம்.

கோயில் கொடை விழாக் காட்சியில் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடுகிறது. பிரச்சினையா? – இரணியல் வாசகர்

ஆமாம். உரிமை வாங்குங்கள், இல்லையென்றால் அந்த ஒலியை மாற்றுங்கள். வில்லுப்பாட்டுக் குழுவை வைத்துப் புதிதாகப் பதிவு செய்து, எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது. அப்புறம், விதிமுறையைப் படியுங்கள்.