அரைத்த மாவும் அண்ணன் கிடாரும்: வாசகர் கேள்வி-பதில்

கே: ஆஸ்திரேலிய ராக் குழுவான ஏசி/டிசியின் 'பவர் அப்' (2020) ஆல்பத்தைப் போன இதழில் புகழ்ந்திருந்தீர்களே என்று கேட்டுப் பார்த்தேன். நாற்பது வருடமாக அரைத்த மாவையே அல்லவா அரைத்திருக்கிறார்கள்? (கோவை வாசகர்)

ப: அதே மாவுதான். இன்னும் சொல்லப்போனால் பழைய மாவு. 2017 நவம்பரில் இறந்துபோன குழுவின் கிடார்காரர் மால்கம் யங், இன்னொரு கிடார்காரரான தம்பி ஆங்கஸுடன் சேர்ந்து வருடக்கணக்கில் போட்டு வைத்திருந்த கிடார் துணுக்குகளிலிருந்து தேற்றிய 12 பாட்டுகள் இவை. எல்லாவற்றிலும் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது.

கல்லூரி நாட்களில் என் ஹெட்போனில் ஒரு பக்கம் செத்துப்போனது. புதிது வாங்கக் காசில்லை. இதே குழுவின் 'பேக் இன் பிளாக்' கேசட்டை ஆறு மாதம் ஒற்றைக் காதாலேயே கேட்டேன். அதில் அண்ணன் கிடார் ஒரு பக்கம், தம்பி கிடார் மறு பக்கம். எனக்கு வாய்த்தது அண்ணன் பக்கம். பள்ளிக்கூட டிரவுசரோடு மேடையில் குதிக்கிற தம்பியின் வாசிப்பு, பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி மங்கலாகத்தான் வரும். அண்ணனுடையதோ 'ஜங்' என்று ஒரு அடி, அப்புறம் மௌனம், மறுபடி ஒரு அடி. அந்த மௌனத்தை எத்தனை நேரம் விடுவது என்பதில்தான் மனிதருடைய வித்தையே இருக்கிறது. டிரம்ஸும் பேஸும் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தன் கிரெட்ச் கிடாரில் ஒரே ஒரு பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் உறுப்பு) விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கிப் போட்டவர் அவர். பிடுங்கிய இடத்தில் ஓட்டை அப்படியே இருக்கும், மூடக்கூட இல்லை.

'பவர் அப்'பில் நான் தேடியது அந்த மௌனத்தைத்தான். கிடைத்தது.

கே: மால்கம் இல்லாமல் அதை வாசித்தது யார்? (திருநெல்வேலி வாசகி)

ப: ஸ்டீவி யங், மால்கம்-ஆங்கஸின் மூத்த அண்ணன் மகன். பொடியன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆல்பம் வந்தபோது சித்தப்பா ஆங்கஸுக்கு 65, இவருக்கு 63! 1988-இல் குடியை விடுவதற்காக மால்கம் கொஞ்ச நாள் ஒதுங்கியபோதும் இவர்தான் கை கொடுத்தார். 2014-இல் மறதிநோயால் மால்கம் விலகியதும் நிரந்தரமாக வந்துவிட்டார். வேறு ஆளாக இருந்தால் நடுவில் தன் கைவரிசையைக் காட்டியிருப்பார். இவர் சித்தப்பா மால்கம் மௌனம் விட்ட இடத்தில் தானும் விடுகிறார்.

கே: பாடகருக்குக் காது போய்விட்டது என்றார்களே? (சேலம் வாசகர்)

ப: போகத்தான் இருந்தது. 2016 சுற்றுப்பயணத்தின் நடுவில், இப்படியே பாடினால் முழுச் செவிடாகிவிடும் என்று டாக்டர்கள் பிரையன் ஜான்சனை நிறுத்தினார்கள். மீதிக் கச்சேரிகளுக்கு வந்த 'கன்ஸ் அண்ட் ரோஸஸ்' குழுப் பாடகர் ஆக்ஸல் ரோஸ், ஆரம்பத்தில் காலொடிந்து நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடினார். நல்ல குழு! பிறகு ஸ்டீபன் ஆம்ப்ரோஸ் என்ற காதுக்கருவி நிபுணர் ஜான்சனைத் தேடி வந்தார். முதல் நாள் கொண்டுவந்த சாதனம் கார் பேட்டரி மாதிரி இருந்ததாம். அதைச் சின்னதாக்க வருடங்கள் ஆயின. 2018-இல் வான்கூவரில் இந்த ஆல்பத்துக்குப் பாடும்போது அவருக்கு வயது 70. 'த்ரூ த மிஸ்ட்ஸ் ஆஃப் டைம்' கேளுங்கள். இந்தக் குழுவிடம் நான் எதிர்பார்க்காத ஒரு ஏக்கம் அதில் இருக்கிறது.

கே: 'பேக் இன் பிளாக்'கை விட இது பெரிதா? (காரைக்குடி வாசகர்)

ப: இல்லை. பாடகர் பான் ஸ்காட் இறந்த ஐந்தே மாதத்தில், 1980-இல், கறுப்பு அட்டையோடு வந்தது அது. அது அவருக்கென்றால் இது மால்கமுக்கு என்று ஆங்கஸே சொல்லிவிட்டார். அதற்கு மேல் நான் தராசைத் தூக்க வேண்டுமா?

கே: 'பவர் அப்' ஆல்பத்தின் விளக்கு எரிகிற ஸ்பெஷல் பெட்டி வாங்கலாமா? (சென்னை வாசகர்)

ப: பொத்தானை அமுக்கினால் பெயர் ஒளிரும், 'ஷாட் இன் த டார்க்' பாடும். அதற்கு யூஎஸ்பி கேபிள் போட்டு சார்ஜும் ஏற்ற வேண்டும். என் வீட்டில் பிளக் பாயிண்டுக்கு ஏற்கெனவே சண்டை.