‘சகோதரி மரணம்’ எங்கே போனது?

மகளுக்கு வாசிக்கும் படப்புத்தகத்தில் ‘சகோதரி மரணம்’ பகுதி இல்லையே, பக்கம் ஏதும் விடுபட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். அநேகமாகப் பக்கம் எதுவும் விடுபட்டிருக்காது. சூரியன், நிலா, மரணம் முதலியவற்றைச் சகோதரன், சகோதரி என்று அழைத்துக் கடவுளைப் புகழ்வது இத்தாலியத் துறவி அசிசி பிரான்சிஸின் சூரியன் பாட்டு. அதைக் குழந்தைகளுக்கான படப்புத்தகமாக்கும்போது, நீங்கள் தேடும் ‘சகோதரி மரணம்’ பகுதியைப் பதிப்பாளர்களே விட்டுவிடுவது உண்டு.

அந்த வரிகள் முதலிலேயே பாட்டில் இருந்தவை அல்ல. 1225 வாக்கில், கண்பார்வை மங்கி அசிசி ஊருக்கு அருகே சான் தமியானோ தேவாலயத்தில் தங்கியிருந்தபோது பிரான்சிஸ் பாட்டை இயற்றினார். மன்னிப்பைப் பற்றிய வரிகள் பிறகு வந்தன. மரணத்தைப் பற்றியவை 1226இல், சாகும் தறுவாயில் சேர்த்தவை என்பார்கள். அதில் பாவத்தோடு சாகிறவர்களுக்கு ஐயோ என்றும் ஒரு வரி வருகிறது. தூங்கவைக்கும் நேரத்தில் அதை வாசிக்க எனக்கே தயக்கம்தான்.

சந்தேகம் தீர ஒன்று செய்யுங்கள். சூரியன், நிலாவும் விண்மீன்களும், காற்று, தண்ணீர், நெருப்பு, பூமி என்ற வரிசையில் படங்கள் வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால் மூலப் பாட்டு சரியாகவே இருக்கிறது. நடுவில் ஒன்று காணாமல் போயிருந்தால் மட்டும் நடுத்தையலை விரித்துப் பாருங்கள், தாள் கழன்றிருக்கலாம்.

ஒன்று மட்டும்: படங்களில் இருக்கும் குருவி, ஓநாய் எல்லாம் பாட்டில் தேடாதீர்கள். அதில் ஒரு விலங்குகூடக் கிடையாது. பழம், பூ, செடி வரைதான். விலங்குகள் பிரான்சிஸைப் பற்றிய கதைகளிலிருந்து ஓவியர் கொண்டுவந்தவை.

அப்புறம், “நிலா மாமாதானே, எப்படிச் சகோதரி ஆச்சு?” என்று மகள் கேட்டால், இத்தாலிய மொழியில் நிலா பெண்பால் என்று சொல்லுங்கள்.