படைப்பணிக்குப் பின் ஒரு செக்கு

கேள்வி: பதினேழு ஆண்டுகள் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். வேலூர் மாவட்டத்தில் எங்கள் கிராமத்திலேயே 10 லட்சம் ரூபாய் செலவில் கடலை எண்ணெய்ச் செக்கு அமைக்க விரும்புகிறேன். முன்னாள் படைவீரர் தொழில் தொடங்க அரசு உண்மையில் ஏதேனும் செய்கிறதா, சுதந்திர தினத்தன்று சால்வை போர்த்துவதோடு சரியா? வங்கியில் வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள்.

பதில்: உங்கள் கோபம் நியாயமானதே. ஆனால் உங்கள் பணிக்கு ரூபாயில் எழுதப்பட்ட மதிப்பு ஒன்றும் இருக்கிறது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் முன்னாள் படைவீரர்கள் சிறப்புப் பிரிவில் வருகிறார்கள். கிராமப்புறத்தில் தொழில் தொடங்கும் பொதுப் பிரிவினர் திட்டச் செலவில் 10 சதவீதத்தைச் சொந்தமாகப் போட்டு 25 சதவீத மானியம் பெறும்போது, நீங்கள் 5 சதவீதம் போட்டு 35 சதவீதம் பெறலாம். அதாவது உங்கள் கைப்பணம் 50,000 ரூபாய், மானியம் மூன்றரை லட்சம். அந்த மானியம் உங்கள் கையில் தரப்படுவதில்லை; மூன்று ஆண்டுகள் வங்கியிலேயே வைப்பாக இருந்து, தொழில் நடப்பது உறுதியான பிறகுதான் கடனில் கழிக்கப்படும். இது தெரியாமல் அந்தப் பணத்தை நம்பி இயந்திரத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு.

மாநில அரசின் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. முன்னாள் படைவீரர்களுக்கென்றே வந்தது. ஒரு கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 30 சதவீத மூலதன மானியமும் 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. ஒரே தொழிலுக்கு இரண்டு மானியமும் பெற முடியாது என்பதால் முன்கூட்டியே ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். நகரத்தில் மத்தியத் திட்டத்தின் மானியம் 25 சதவீதமாகக் குறைந்துவிடும் என்பதால், அங்கே கடை போடுபவருக்கு மாநிலத் திட்டத்தையே சொல்வேன். உங்கள் செக்கு ஊராட்சி எல்லைக்குள் அமைவதால் இரண்டையும் வங்கியின் வட்டி விகிதத்தோடு வைத்துக் கணக்குப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பத்திரம் கேட்பது தவறு. சிறுதொழிலுக்கு 20 லட்சம் வரையிலான கடனுக்குச் (2026 ஏப்ரலுக்கு முன் 10 லட்சம்) சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. உங்கள் கடன் ஒன்பதரை லட்சம்தான். இந்த விதியைக் குறிப்பிட்டு மேலாளரிடம் எழுத்தில் கொடுத்து, எழுத்திலேயே பதில் கேளுங்கள்.

உங்கள் குறையில் இன்னொரு பாதியும் உண்மை. மத்திய அரசுத் துறைகள் தம் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 4 சதவீதமும் பெண்களுக்கு 3 சதவீதமும் உண்டு. முன்னாள் படைவீரருக்குத் தனிப் பங்கு இல்லை. அமெரிக்காவிலோ, பணியில் ஊனமுற்ற முன்னாள் வீரர்களின் நிறுவனங்களுக்கு அரசு ஒப்பந்தங்களில் 5 சதவீத இலக்கே இருக்கிறது. கடன் தரும்போது உங்களை நினைக்கும் அரசு, எண்ணெய் வாங்கும்போது மறந்துவிடுகிறது. ஆகவே விற்பனைக்கு அரசை நம்பாமல் சந்தையை நம்பித் திட்ட அறிக்கை எழுதுங்கள்.

டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு முதலில் வேலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும், பிறகு மாவட்டத் தொழில் மையத்துக்கும் செல்லுங்கள். விண்ணப்பத்துக்கும், சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்கும் கட்டணம் கிடையாது. இடையில் கமிஷன் கேட்பவருக்கு ஒரு ரூபாயும் தர வேண்டாம்.