பன்னிரண்டு நாணயப் புதிர்: சிக்கல் முதல் நிறுவையில்தான்

வணக்கம். பன்னிரண்டு நாணயங்களுள் எடை மாறிய ஒன்றை, அது கனமா இலேசா என்பதோடு சேர்த்து, மூன்றே நிறுவையில் கண்டறிய முயன்று, ஆறுக்கு ஆறு வைத்துத் தொடங்கியதில் தடுமாறுவதாக எழுதியிருந்தீர்கள். (நானும் முதலில் அப்படித்தான் தொடங்கினேன்.) ஒவ்வொரு நாணயமும் கனமாகவோ இலேசாகவோ இருக்கலாம் என்பதால் மொத்தச் சாத்தியங்கள் 24, ஆறுக்கு ஆறு வைத்தால் தராசு சமமாக நிற்கவே வழியில்லாததால் 12 மிஞ்சும், எஞ்சிய இரண்டு நிறுவைகளோ, ஒவ்வொன்றுக்கும் மூன்றே முடிவுகள் (இடம் தாழும், வலம் தாழும், சமம்) என்பதால், 9 சாத்தியங்களுக்கு மேல் பிரித்துக் காட்டமாட்டா.

ஆகவே நாலுக்கு நாலு வையுங்கள். 1, 2, 3, 4 உள்ள தட்டு தாழ்ந்து, 5, 6, 7, 8 உயர்ந்தால், அடுத்து 1, 2, 5ஐ ஒரு தட்டிலும் 3, 4, 6ஐ மறு தட்டிலும் வையுங்கள். சமமானால் 7, 8 இரண்டில் ஒன்று இலேசு. 1, 2, 5 தாழ்ந்தால், 1 அல்லது 2 கனம், இல்லையேல் 6 இலேசு என்பதால், 1ஐ 2க்கு எதிராக நிறுத்தால் போதும். மறுபக்கம் தாழ்ந்தாலும் இதே வழிதான். முதல் நிறுவையே சமமானால், 9, 10, 11ஐ நல்ல நாணயங்கள் மூன்றோடு ஒப்பிடுங்கள்.