தடைக்கு முன் கொடி பிடித்தான். இப்போது போலீஸ் கூப்பிடுகிறது

கேள்வி: வணக்கங்க வக்கீல் சார். நாங்க திருப்பூர். என் மகனுக்கு 27 வயசு, பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவன் அத்தா மவுத்தாகி ஒன்பது வருசமாச்சு. பாப்புலர் ஃப்ரண்டில் சேர்ந்து மாசம் 100 ரூபாய் சந்தா கட்டினான். குடியுரிமைச் சட்டத்துக்கு எதிரான ஆர்ப்பாட்டத்துக்கெல்லாம் கொடி பிடிச்சுப் போனான். தடை வந்த அன்னைக்கே எல்லாத்தையும் விட்டுட்டான். போன வாரம் கோவையிலிருந்து போலீஸ்னு போன் வந்துச்சு. வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வா, செல்போனையும் எடுத்துட்டு வான்னாங்க. பழைய போட்டோவை எல்லாம் அழிச்சிருங்கன்னு பக்கத்து வீட்டுத் தம்பி சொல்றாப்ல. 50,000 கொடுத்தா முன்ஜாமீன் வாங்கித் தர்றேன்னு ஒருத்தர் வர்றார். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிட்டார். பையனுக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?

பதில்: அம்மா, இதைப் படிக்கும் இந்த நிமிடமே மகனிடம் சொல்லுங்கள்: போனில் ஒரு படத்தைக்கூட அழிக்கக் கூடாது. அந்தப் படங்கள் குற்றமில்லை. விசாரணைக்கு அழைத்த பிறகு அவற்றை அழிப்பது குற்றமாகலாம். சாட்சியமாகக் கூடிய மின்னணுப் பதிவை அழிப்பதற்கு, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 241-ஆவது பிரிவே இருக்கிறது. அழித்ததை ஆய்வகத்தில் பெரும்பாலும் மீட்டுவிடுவார்கள். அப்போது "ஏன் அழித்தாய்?" என்ற கேள்விக்கு உங்கள் மகனிடம் நல்ல பதில் இருக்காது.

ஆர்ப்பாட்டத்துக்குப் போனது குற்றமா? இல்லை. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவில் இருக்கிறது. ஆட்சியில் இருக்கும் அரசை எதிர்த்துக் கூடுவதும் அதில் அடக்கம். குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து 2019, 2020-இல் தெருவுக்கு வந்தவர்களில் பல கட்சியினரும் பல மதத்தினரும் உண்டு.

சந்தா கட்டி உறுப்பினராக இருந்ததைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் ஊர்ப்பக்கம் பலருக்கும் மனித நீதிப் பாசறை என்ற பெயரில் தெரிந்திருந்த அமைப்பும், கேரளம், கர்நாடகத்தைச் சேர்ந்த அமைப்புகளும் இணைந்து உருவானதே பாப்புலர் ஃப்ரண்ட். மத்திய அரசு அதையும் அதன் எட்டு துணை அமைப்புகளையும் 2022 செப்டம்பர் 28 அன்று, உபா எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவின் கீழ் 5 ஆண்டுகளுக்குத் தடை செய்தது. தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் அதை உறுதி செய்தது. அந்த அமைப்பின் அரசியல் எனக்கு ஏற்புடையதல்ல என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் செய்த நாளில் குற்றமாக இல்லாத ஒன்றுக்குப் பின்னால் வந்த தடையை வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. அரசியல் சட்டத்தின் 20(1) அதைத்தான் சொல்கிறது.

ஆகவே உங்கள் மகன் விஷயம் முழுக்க அந்த ஒரு தேதியில் நிற்கிறது. உபாவின் 10-ஆவது பிரிவு, தடைக்குப் பிறகும் உறுப்பினராகத் தொடர்பவர், கூட்டத்துக்குப் போகிறவர், பணம் கொடுப்பவர் ஆகியோருக்கு 2 ஆண்டு வரை சிறை என்கிறது. வெறும் உறுப்பினராக இருப்பது மட்டும் குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சொல்லியிருந்தது. 2023 மார்ச் 24 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. தடை தெரிந்தும் தொடர்ந்தால் அதுவே குற்றம் என்பதுதான் இன்றைய நிலை. "விட்டுட்டான்" என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு சொல்லுக்கு இப்போது ஆதாரம் வேண்டும். கடைசியாகச் சந்தா போன தேதி தெரியும் வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறிய பதிவு, தடைக்குப் பிந்தைய மாதங்களின் கம்பெனி வருகைப் பதிவேடு, இவற்றை இந்த வாரமே எடுத்து வையுங்கள். தடை வந்த அன்றே அமைப்பு கலைக்கப்பட்டதாக அதன் கேரளப் பொதுச்செயலாளர் அறிவித்ததும் உங்கள் பக்கம் பேசும். வங்கியில் தானாகப் போகும் சந்தா ஏதாவது நிற்காமல் ஓடியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் வக்கீலிடம் மறைக்காதீர்கள்.

முன்ஜாமீன் வாங்கித் தருகிறேன் என்பவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். உபா வழக்கில் முன்ஜாமீன் வழியை 43டி(4) அடைத்துவிட்டது. உங்கள் மகன் மீது வழக்கே இருக்கிறதா என்று தெரியாத நிலையில் அதற்குக் காசு கேட்பவர், உங்கள் பயத்தை விலை பேசுகிறார். கைதான பிறகு கேட்கும் ஜாமீன் வேறு. 10-ஆவது பிரிவுக்கும், சட்டவிரோதச் செயலுக்கான 13-ஆவது பிரிவுக்கும் அந்தச் சட்டத்தின் கடுமையான ஜாமீன் நிபந்தனை பொருந்தாது. பயங்கரவாதச் சதி போன்ற பிரிவுகள் சேர்ந்தால்தான் கதவு இறுகும். இதே அமைப்பைச் சேர்ந்த எட்டுப் பேருக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் கொடுத்த ஜாமீனை உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் ரத்து செய்தது அப்படிப்பட்ட பிரிவுகளில்தான்.

வெள்ளிக்கிழமை போவதா? போன் அழைப்பு சம்மன் ஆகாது. அழைத்தவர் போலீஸ்தானா என்பதையே முதலில் உறுதி செய்ய வேண்டும். சாட்சியாகக் கூப்பிட்டால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆவது பிரிவிலும், சந்தேக நபராகக் கூப்பிட்டால் 35(3)-இலும் எழுத்தில் நோட்டீஸ் வேண்டும். 35-ஆவது பிரிவு நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்காக வீம்பாக வீட்டில் உட்கார வேண்டாம். "நோட்டீஸ் தாருங்கள், வந்து ஒத்துழைக்கிறேன்" என்று பதிவுத் தபாலில் இன்றே ஒரு கடிதம் போடுங்கள். நோட்டீஸ் வந்தால் எந்தப் பிரிவு என்று பாருங்கள்; சாட்சியா, சந்தேக நபரா என்பது அதில் தெரியும். 35(3) நோட்டீஸுக்கு ஒழுங்காக ஆஜராகிறவரைக் காரணம் எழுதி வைக்காமல் கைது செய்ய முடியாது. ஆஜராகாமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகும்.

போகும்போது வக்கீலோடு போகட்டும். கேட்டதற்கு உண்மையைச் சொல்லட்டும். தன்னையே குற்றத்தில் மாட்டும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க அவனுக்கு உரிமை உண்டு. போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடச் சட்டம் சொல்லவில்லை. வெற்றுத்தாளில் எக்காரணம் கொண்டும் போடக் கூடாது. போனை வாங்கினால், அதைக் கைப்பற்றியதாக எழுதும் மகஜரின் நகல் கேட்கட்டும். அதே நடைமுறைச் சட்டத்தின் 105-ஆவது பிரிவின்படி கைப்பற்றுவதை வீடியோவிலும் பதிய வேண்டும்.

வக்கீல் யாராவது "இந்த மாதிரி கேஸ் எடுக்க மாட்டோம்" என்றால் மனம் உடைய வேண்டாம். 1998 பிப்ரவரி 14-இல் 58 பேரைப் பலிகொண்ட குண்டுவெடிப்புக்குப் பிறகு கோவையில் ஒரு முஸ்லிம் பெயர் வழக்குக் கட்டில் இருந்தாலே மக்கள் ஒதுங்கிய காலம் உண்டு. 2022 அக்டோபரில் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன் கார் வெடித்தபோது அந்தப் பயம் திரும்பி வந்தது. ஆனால் இன்னாருக்கு வாதாட மாட்டோம் என்று எந்த வழக்கறிஞர் சங்கமும் தீர்மானம் போட முடியாது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு பிறந்ததே கோவையில்தான். கட்டணம் கட்ட வழியில்லை என்றால் சட்ட உதவி எண்ணான 15100-க்கு அழையுங்கள். பெண் என்ற முறையில் உங்களுக்கே இலவசச் சட்ட உதவி பெறும் தகுதி இருக்கிறது. திருப்பூர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரிலும் போகலாம்.

வீட்டுக்காரர் சொன்னார் என்று பெட்டியைக் கட்டாதீர்கள். வாடகை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது. கரண்ட், தண்ணீரை நிறுத்தவும் கூடாது. வாடகையை மட்டும் ரசீது நிற்கும்படி வங்கி வழியாகக் கட்டி வாருங்கள்.

மகன் நிலையத்துக்குள் போகும் நேரத்தை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கைது என்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். உபா வழக்கிலும் அது கட்டாயம் என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். உங்களையும் சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால், அம்மா, நீங்கள் நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை. அவர்கள்தான் உங்கள் வீட்டுக்கு வர வேண்டும்.